பிரதி வந்த பிறகே பட்டியல்: மட்டக்களப்பில் ஒரு மாதத் திரையிடல் எப்படி அமைகிறது

மட்டக்களப்பில் ஒரு மாதம் முழுக்க நல்ல படங்கள் போடுவோம் என்று எந்தக் குழு கூடினாலும், முதலில் எழும் பெயர் பாலு மகேந்திரா. அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர், புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1974இல் ‘நெல்லு’ என்ற மலையாளப் படத்தின் மூலம் ஒளிப்பதிவாளரானார். 1977இல் கன்னடத்தில் ‘கோகிலா’வை இயக்கி, அதே படத்தின் ஒளிப்பதிவுக்காக இந்தியத் தேசிய விருது பெற்றார். ‘அழியாத கோலங்கள்’, ‘மூடுபனி’, ‘மூன்றாம் பிறை’, ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ என்று நான்கு கிழமைக்கான பட்டியலை ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடலாம். எழுதிய கையோடு சுவரொட்டி அச்சடிக்கக் கொடுத்துவிடுவதுதான் பல குழுக்கள் செய்யும் தவறு.

காரணம், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு படத்தின் நிலைமையும் வேறு வேறு. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் நெகட்டிவும் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே பொதுவெளியில் வருந்திச் சொன்னார். நெகட்டிவ் இல்லாத படத்துக்குப் புதிய பிரதி எடுக்க வழியில்லை. முன்பு எடுத்த பிரதிகளிலிருந்தும் வீடியோவிலிருந்தும் வந்தவைதான் மிச்சம். ஒரு மாதத்தின் நாட்காட்டியைத் தீர்மானிப்பவை இரண்டு: திரையில் போடத் தகுந்த பிரதி, அதைப் போடுவதற்கு எழுத்தில் கிடைத்த அனுமதி. ரசனைக்கு இடம் உண்டு, ஆனால் அது இந்த இரண்டுக்கும் பிறகு வருகிறது. ஆகவே கிழமைக்கு இரண்டு காட்சி வீதம் மாதத்துக்கு எட்டுக் காட்சி என்றால், பன்னிரண்டு படங்களின் பெயரை எழுதி, மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்க வேண்டும். நாலைந்து படங்கள் தாமாகவே கழன்றுவிடும்.

உரிமை யாரிடம்?

பழைய தமிழ்ப் படங்களின் உரிமை கோடம்பாக்கத்தில் துண்டு துண்டாக விலைபோயிருக்கும். நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், தொலைக்காட்சி உரிமை இன்னொருவரிடம், இணைய உரிமை மூன்றாமவரிடம், வெளிநாட்டு உரிமை நான்காமவரிடம் என்று இருக்கலாம். இலங்கையில் போடுவது வெளிநாட்டு உரிமைக்குள் அடங்கும். யூடியூப்பில் ஒரு நிறுவனம் படத்தை முழுதாக ஏற்றி வைத்திருக்கிறது என்பதால், மண்டபத்தில் போட அனுமதி தரும் உரிமையும் அதனிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தயாரிப்பாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் யார் என்று தேட வேண்டும். பைனான்சியரிடம் ஈடு வைத்த படம் திரும்பவே வராமல் போயிருக்கலாம். இந்தத் தேடலுக்கு மட்டும் ஆறு கிழமை ஒதுக்கினால்தான் சரிவரும்.

“டிக்கெட் விற்கவில்லை, இலவசமாகத்தானே போடுகிறோம், அனுமதி எதற்கு?” என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை படத்தின் உரிமையாளருடையது. கட்டணம் இல்லை என்பதால் மட்டும் அது மாறாது. ஒலி-ஒளிப் படைப்புக்கான பாதுகாப்பு 70 ஆண்டுகள் நீள்வதால், நாம் விரும்பிப் போட நினைக்கும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.

அனுமதிக் கடிதத்தில் படத்தின் பெயரும் ஆண்டும், மண்டபத்தின் பெயர், கதிரைகளின் எண்ணிக்கை, திகதி, எத்தனை காட்சி, கட்டணம் உண்டா இல்லையா, என்ன வடிவத்தில் பிரதி வரும் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். சப்டைட்டில் சேர்ப்பதற்கும், விளம்பரத்துக்கு ஒரு நிமிடத் துண்டு வெட்டுவதற்கும் அதே கடிதத்திலேயே அனுமதி கேட்டு வாங்குவது நல்லது. இவ்விரண்டையும் பிறகு கேட்டால் பதில் வர ஒரு மாதம் இழுபடும்.

பணப் பேச்சில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. “குறைந்தபட்ச உத்தரவாதம் இவ்வளவு, அல்லது வசூலில் இத்தனை சதவீதம், எது கூடவோ அது” என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தெரியும். உதாரணத்துக்கு, 80 கதிரை, டிக்கெட் 300 ரூபா, மண்டபம் நிறைந்தால் 24,000 ரூபா. அதில் 40 சதவீதம் 9,600 ரூபா. உத்தரவாதம் 20,000 ரூபா என்றால் சதவீதக் கணக்குக்கு வேலையே இல்லை, அது வெறும் நிலையான கட்டணம்தான். சிறிய மண்டபத்தின் ஆசனக் கணக்கை முதலிலேயே காட்டி, காட்சிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

எந்த வடிவத்தில் கேட்பது?

வழமையான படமாளிகையை வாடகைக்கு எடுத்தால் படம் டிசிபி வடிவத்தில், அதாவது படமாளிகை சர்வருக்கென்றே செய்யும் டிஜிட்டல் கோப்புத் தொகுதியாக வரும். ஒரு முழுநீளப் படம் 100 முதல் 200 ஜிகாபைட் வரை போகும். வந்த டிரைவைப் பழைய யூஎஸ்பி வழியாக செக்கனுக்கு 30 மெகாபைட் வேகத்தில் சர்வருக்குள் ஏற்றினால், 150 ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். மாலைக் காட்சிக்கு மாலை ஐந்து மணிக்கு டிரைவைக் கொண்டுபோவது ஆபத்து. பூட்டிய டிசிபி என்றால் அதைத் திறக்கும் சாவிக் கோப்பு தனியாக மின்னஞ்சலில் வரும். அந்தச் சாவி அந்த ஒரு சர்வருக்கு மட்டும், குறித்த நேரத்திலிருந்து குறித்த நேரம் வரை மட்டும் செல்லும். இங்கேதான் அடிக்கடி பிழை நடக்கிறது. நாம் மாலை 6.30 என்று எழுதியதை அனுப்புபவர் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டால், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், சாவி நள்ளிரவு 12 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே சாவியைக் காட்சிக்கு முதல் நாள் காலையிலிருந்தே திறக்கும்படி கேட்டு, ஏற்றிய உடனே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண புரொஜெக்டர் உள்ள மண்டபத்துக்கு டிசிபி தேவையில்லை. 1080 வரி, எச்.264 என்ற சுருக்க முறை, செக்கனுக்கு 15 முதல் 25 மெகாபிட், செக்கனுக்கு 24 சட்டகம் என்று கோப்பைக் கேளுங்கள். இரண்டு மணி நேரப் படம் 20 மெகாபிட்டில் 18 ஜிகாபைட் அளவில் வரும். ஒரு பென்டிரைவ் போதும். ஆனால் பென்டிரைவ் பழைய எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்ததாக இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபாட் என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும்.

டிவிடி மட்டும்தான் இருக்கிறது என்ற நிலை வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) முறை டிவிடியில் ஒரு வரிக்கு 720 புள்ளிகள். அதை 14 அடி அகலத் திரையில் விரித்தால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் அகலம் பிடிக்கும். முன்வரிசையில் இருப்பவர் முகங்களைப் பார்க்கமாட்டார், கட்டங்களைத்தான் பார்ப்பார். அதே படத்தை 8 அடி அகலத்துக்குக் குறைத்து, கதிரைகளைக் கொஞ்சம் பின்னே தள்ளிப் போட்டால் பார்க்கக்கூடியதாக இருக்கும். பழைய படங்களின் ஏறத்தாழச் சதுரமான சட்டகத்தை அகலத் திரை நிறையும்படி இழுக்கவே கூடாது. இழுத்தால் ஆட்கள் குண்டாவார்கள், வெட்டி நிரப்பினால் தலைகள் போகும். இரு பக்கமும் கறுப்பாக இருப்பது குறையல்ல, அந்தப் படம் எடுக்கப்பட்ட அளவே அதுதான்.

நம் நாட்டுப் படங்கள்

இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றாவது மாதத்துக்குள் வர வேண்டும் என்று நினைப்பது சரியான நினைப்பு. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ 1977இல் வந்தது, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ 1978இல் வந்தது. இந்தத் தலைமுறைப் படங்களுக்கு நேர்ந்தது வெறும் பராமரிப்புக் குறைவு அல்ல. 1983 ஜூலை வன்முறையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். பல படங்களின் நெகட்டிவ்கள் அதோடு போயின. தப்பியவற்றை ஈரப்பதம் தின்றது. அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது புளித்த வினாகிரி மணம் எழும், சுருள் சுருங்கிச் சுருண்டுகொள்ளும். பழைய படமாளிகைகளின் களஞ்சியங்களில் சுருள்கள் கிடைத்தால், அந்த மணம் வந்ததுமே மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஒன்றிலிருந்து எழும் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்படிப்பட்ட சுருளைப் புரொஜெக்டரில் ஏற்றிப் பார்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம். 2,000 அடிச் சுருள் ஒன்றில் 22 நிமிடப் படம் இருக்கும், ஒரு கிழிசல் போதும் அதை இழக்க.

ஆகவே நம் நாட்டுப் படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீடியோ நாடாவிலிருந்து வந்த மங்கலான பிரதியாகத்தான் இருக்கும். அதைப் போடலாமா? போடலாம் என்பதே எங்கள் முடிவு. நல்ல பிரதி உலகில் எங்காவது இருக்கும் படத்தை மோசமான பிரதியில் போடுவது பார்வையாளருக்குச் செய்யும் அநியாயம். வேறு பிரதியே இல்லாத படத்தை இருக்கிற பிரதியில் போடுவது அந்தப் படத்துக்குச் செய்யும் கடமை. வாசலிலும் சுவரொட்டியிலும் “கிடைத்த ஒரே பிரதி இது” என்று எழுதிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகு பார்ப்பவர்கள் கோடுகளை மன்னித்து முகங்களைப் பார்க்கிறார்கள். ஊரில் யாரிடமாவது இன்னொரு நாடா இருக்கிறது என்ற தகவலும் இந்தக் காட்சிகளில்தான் வந்து சேரும்.

தணிக்கை பற்றிச் சுருக்கமாக. பொதுக் காட்சிகளை 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை பார்வையிடுகிறது. வெளிநாட்டுப் படமும் இதற்குள் வரும். படத்தின் பிரதியையும் கதைச் சுருக்கத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருப்பதால், பிரதி கைக்கு வரும் நாள் இங்கேயும் முக்கியமாகிறது. டிக்கெட் விற்பதென்றால் உள்ளூராட்சிச் சபையில் கேளிக்கை வரி பற்றி முதலே கேட்டு, டிக்கெட் புத்தகத்துக்கு முத்திரை வைக்க வேண்டுமா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

மார்கழி, தை மாதங்கள் வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் வீதிகள் வெள்ளத்தில் நிற்கும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து எவரும் வரமாட்டார்கள். தகரக் கூரை மண்டபம் என்றால் மழை இரைச்சலில் ஒரு வசனமும் கேட்காது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள், ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் திருவிழா. இவற்றோடு போட்டி போடுவதில் அர்த்தமில்லை. நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும், அதையும் பார்த்துத்தான் திகதி வைக்க வேண்டும். இவற்றை எல்லாம் கழித்தால், ஆவணி நடுவிலிருந்து புரட்டாதி வரை ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். கச்சான் என்ற தென்மேல் காற்றின் சூடு பகலில் இருக்கும், இரவில் தணிந்துவிடும். புரட்டாதியின் பிற்பகுதியில் பின்னேர இடிமழை வரலாம்.

சனி, ஞாயிறு காலைகளை டியூஷன் வகுப்புகள் எடுத்துவிடுவதால் மாணவர்கள் வருவது மாலையில்தான். ஆரம்ப நேரத்தை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று வெளிச்சம்: ஆடியில் சூரியன் மறைய 6.20 தாண்டும், கார்த்திகையில் 5.45க்குள் மறைந்துவிடும். யன்னல்கள் முழுதாக அடைபடாத மண்டபத்தில் மறைந்த பிறகும் 20 நிமிடம் திரை வெளிறித்தான் இருக்கும். மற்றது, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகை. காத்தான்குடி, ஏறாவூரிலிருந்து வருபவர்கள் தொழுதுவிட்டு வந்து சேர நேரம் வேண்டும். 6.45 அல்லது 7.00 மணி இரண்டுக்கும் பொருந்தும்.

முடியும் நேரம் இன்னும் முக்கியம். இரவு ஒன்பதரைக்குப் பிறகு களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் போக பஸ் தேடுவது கஷ்டம், தனியாக வந்த பெண்கள் ஒன்பது மணிக்கே எழுந்துவிடுவார்கள். ‘மூன்றாம் பிறை’ இரண்டே கால் மணிக்கு மேல் ஓடும் படம். ஏழு மணிக்குத் தொடங்கினால், இடைவேளையும் சேர்த்து, ஒன்பதரை தாண்டும். பேச நேரமே இருக்காது. அத்தகைய நீளமான படத்தை ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு, யன்னல்களை இரட்டைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டுப் போடுங்கள். ஒன்றரை மணி நேரப் படங்களைக் கிழமை நாட்களுக்கு வையுங்கள். எந்தப் படம் எந்த நாள் என்பது முக்கால்வாசி இந்தக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது.

திரை எவ்வளவு பெரிது?

நம் ஊர் மண்டபங்களின் தரை சமமானது. படமாளிகையைப் போல் சரிவு இல்லை. இதனால் முதலில் பாதிக்கப்படுவது திரையின் அடியில் வரும் சப்டைட்டில். கணக்கைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 4 அடியில், முன்னால் இருப்பவரின் உச்சந்தலை 4 அடி 4 அங்குலத்தில். வரிசைகளுக்கு இடையே 3 அடி. அந்தத் தலைக்கு மேலாகப் பார்வை போக 3 அடிக்கு 4 அங்குலம் ஏற வேண்டும். திரை 27 அடி தூரத்தில் என்றால் 36 அங்குலம் ஏறும், அதாவது 7 அடி உயரத்துக்குக் கீழே உள்ளது தெரியாது. ஒவ்வொரு கதிரையும் முன்வரிசையின் இரு கதிரைகளுக்கு இடையே வரும்படி போட்டால், மறைப்பது இரண்டு வரிசை முன்னே உள்ள தலை. அப்போது 5 அடி 6 அங்குலம் போதும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு எதுவும் இல்லை, கதிரை அடுக்கும் தம்பிமாருக்கு விளக்கிச் சொன்னால் சரி.

திரையின் அடிப்பக்கம் ஐந்தரை அடியில் என்றால், 14 அடி அகலத் திரையின் உயரம் ஏறத்தாழ 7 அடி 10 அங்குலம், மேல் விளிம்பு 13 அடி தாண்டும். விசிறியும் வளையும் அங்கேதான் தொங்கும். 12 அடி அகலத்துக்குக் குறைத்தால் உயரம் 6 அடி 9 அங்குலம், மேல் விளிம்பு 12 அடி 3 அங்குலத்தில் நிற்கும். பெரிய திரையைத் தாழ்வாகக் கட்டுவதை விட, சிறிய திரையை உயர்த்திக் கட்டுவது எப்போதும் மேல்.

வெளிச்சத்துக்கும் அதுவே நல்லது. படமாளிகைத் தரம் என்பது திரையில் 14 அடி-லாம்பர்ட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு). சாதாரண வெள்ளைத் திரைக்கு, சதுர அடிக்கு 14 லூமன் (புரொஜெக்டர் தரும் ஒளியின் அளவு) விழ வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். 12 அடித் திரை 81 சதுர அடி, 1,134 லூமன் தேவை. 14 அடித் திரை 110 சதுர அடி, 1,540 லூமன் தேவை. பெட்டியில் 4,000 லூமன் என்று போட்டிருக்கும் புரொஜெக்டர் அந்த எண்ணிக்கையைத் தருவது நிறம் பச்சையடிக்கும் பிரகாச முறையில்தான். சினிமா முறைக்கு மாற்றினால் பாதியாகும். விளக்கு பழசாக இருந்தால் அதிலும் 30 சதவீதம் போகும். மிஞ்சுவது 1,400. 12 அடிக்குப் போதும், 14 அடிக்குப் போதாது. பாலு மகேந்திரா முடிந்தவரை இயற்கை வெளிச்சத்தில் எடுத்தவர். யன்னலோரத்து ஒளியும் அறைக்குள் இருக்கும் இருளும் சேர்ந்துதான் அவர் சட்டகம். வெளிச்சம் குறைந்த திரையில் அந்த நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துவிடும். அவர் படங்களுக்கு ஒரு மாதம் ஒதுக்கும் ஊர் இதில் கவனமில்லாமல் இருக்கக்கூடாது.

புரொஜெக்டரைத் திரையின் நடுவுக்கு நேரே வைக்க வேண்டும். சரித்து வைத்துவிட்டு, சரிவைத் திருத்தும் கீஸ்டோன் பொத்தானை அழுத்தினால், கருவி படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும், புள்ளிகள் வீணாகும். மேசைக்குப் பதிலாக உயரமான தாங்கி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொள்வது ஒரு தடவைச் செலவு.

பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லை

சிறிய மண்டபங்களில் வரும் முறைப்பாடுகளில் இதுதான் முதலாவது. படக் கோப்பில் ஒலி ஆறு தடங்களாக இருக்கும், வசனம் நடுத் தடத்தில் வரும். மண்டபத்தில் இருப்பது இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர். பிளேயரில் ஸ்டீரியோவாகக் கலக்கும்படி அமைக்காவிட்டால் நடுத் தடம் எங்குமே போய்ச் சேராது. பாட்டும் மழையும் கேட்கும், ஆட்கள் வாயசைப்பார்கள். விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் ஒலிப் பட்டியலுக்குள் ஸ்டீரியோவைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உரிமையாளரிடமே ஸ்டீரியோத் தடம் கேட்டு வாங்குவது அதைவிடப் பாதுகாப்பானது.

புளூடூத் ஸ்பீக்கரை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அது ஒலியைக் கண்ணுக்குத் தெரியும் அளவு தாமதப்படுத்தும், உதடு முன்னே போகும். வயர்தான் வேண்டும். மடிக்கணினியின் சார்ஜர் செருகியதும் ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்று இரைச்சல் எழுந்தால், கணினியும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக்கில் மண்ணிணைப்புப் பெறுகின்றன என்று அர்த்தம். இரண்டையும் ஒரே பலகைக்கு மாற்றுங்கள், அல்லது இடையில் ஒரு டிஐ பெட்டி (மண்ணிணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) வையுங்கள். ஸ்பீக்கர்கள் திரையின் இரு பக்கமும், உட்கார்ந்தவரின் காதுக்குச் சற்று மேலே இருக்கட்டும். கோயில் மண்டபத்தில் செய்வதுபோல் நாலு மூலையிலும் கட்டினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் காதுக்கு வந்து சொற்கள் குழம்பும். வெறும் சுவர் எதிரொலிக்கும் மண்டபத்தில் பின்சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் தெளிவு உடனே கூடும்.

எச்டிஎம்ஐ வயர் 15 மீட்டர் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். நீளத்துக்கு ஒளியிழை வயர் நல்லது. ஆனால் அதற்குத் திசை உண்டு. எந்த முனை கணினிக்கு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் எதுவும் வராது.

சப்டைட்டில் உடைவது எப்படி?

சிங்களப் படத்துக்குத் தமிழிலும், தமிழ்ப் படத்துக்குச் சிங்களத்திலும் சப்டைட்டில் போடும் வேலையைக் குழுக்களே செய்ய வேண்டியிருக்கிறது. அம்பாறைப் பக்கம் கொண்டுபோகும் திரையிடல் என்றால் இரண்டுமே தேவை. இதில் மூன்று இடத்தில் கோளாறு வரும்.

முதலாவது எழுத்துரு. நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் செய்த உரை திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். யுனிக்கோடுக்கு மாற்றி, எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். மாற்றியில் போட்ட பிறகு ஒருவர் வரி வரியாக வாசித்துப் பார்ப்பது கட்டாயம், சில உயிர்மெய்கள் இடம் மாறி விழுந்திருக்கும்.

இரண்டாவது, புரொஜெக்டரிலேயே பென்டிரைவைச் செருகி ஓட்டுவது. அதற்குள் இருக்கும் சிறிய பிளேயர் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாதது. ‘கொ’ என்பது கொம்பும் ககரமும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். சப்டைட்டிலைப் படத்தோடேயே பதித்து ஒரு கோப்பாக்கிவிட்டால், எந்தக் கருவியில் போட்டாலும் உடையாது.

மூன்றாவது வேகம். செக்கனுக்கு 24 சட்டகமுள்ள படத்தை பால் டிவிடிக்காக 25 ஆக ஓட்டும்போது, 100 நிமிடப் படம் 96 நிமிடமாகும். டிவிடிக்குச் செய்த சப்டைட்டிலை 24 சட்டகக் கோப்போடு சேர்த்தால் நிமிடத்துக்கு நிமிடம் இரண்டரை செக்கன் அளவில் முந்திக்கொண்டே போகும். தொடக்கம் சரியாக இருப்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள், அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகிவிடும். “இரண்டு செக்கன் தள்ளி வைத்தேன்” என்று திருத்துவது பயன் தராது. சட்டக வேகத்தையே மாற்ற வேண்டும். சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு கட்டளைதான்.

நீளமும் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரண்டு வரிக்கு மேல் போகாமல், எழுத்து நடையில் அலங்கரிக்காமல், பேசுவதைச் சுருக்கி எழுத வேண்டும். ஒரு வரி திரையில் ஒரு செக்கனுக்குக் குறையாமல் நிற்கட்டும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு இல்லாவிட்டால், வெயிலடிக்கும் மணல்வெளிக் காட்சியில் எல்லாம் மறைந்துவிடும்.

மின்சாரமும் உப்புக் காற்றும்

விளக்கு வகைப் புரொஜெக்டருக்கு மின்வெட்டு பொல்லாதது. அணைந்த பிறகும் அதன் விசிறி ஓடி விளக்கைக் குளிர வைக்க வேண்டும். திடீரென மின்சாரம் போனால் சூடு உள்ளேயே அடைபட்டு விளக்கின் ஆயுள் குறையும், சில வேளை வெடிக்கும். புரொஜெக்டரை மட்டுமாவது ஒரு யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடத்துக்கு அது தாங்கினால் போதும். ஜெனரேட்டர் மண்டபத்திலிருந்து எட்டத்தில், காற்று வீசிப் போகும் பக்கம் இருக்கட்டும். கல்லடி, நாவலடிப் பக்க மண்டபங்களில் உப்புக் காற்று காற்று வடிகட்டியை வேகமாக அடைத்துவிடும். கிழமைக்கு ஒரு முறை கழற்றி, மென்மையான தூரிகையால் துடைக்காவிட்டால் படத்தின் நடுவில் கருவி சூடேறித் தானாக அணையும். வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, பாவிக்காத நாட்களில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்தையும் காட்சிக்கு முதல் நாள், அதே மண்டபத்தில், அதே கருவியில் ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. முழுப் படத்தையும் பார்க்க நேரமில்லையென்றால் முதல் 10 நிமிடம், நடுவில் ஒரு பாட்டு, ஒரு இரவுக் காட்சி, கடைசி 5 நிமிடம். பின்வரிசையில் ஒருவர், முன்வரிசை ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணினியின் திரைப் புதுப்பிப்பு வேகத்தை 24க்கு மாற்றினால் கமரா நகரும் இடங்களில் வரும் சிறு குலுக்கல் போய்விடும். தூக்க முறை, மென்பொருள் புதுப்பிப்பு, வட்ஸப் அறிவிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது பென்டிரைவில் ஒரு நகல் தயாராக இருக்கட்டும். வெற்று மண்டபத்தில் சரியாகக் கேட்ட ஒலி, ஆட்கள் நிறைந்ததும் கொஞ்சம் அமுங்கும். அதற்கு ஏற்ப அளவைக் கூட்டிவிடலாம்.

வரிசையில் ஒரு யோசனை. முதல் கிழமையில் எல்லோரும் அறிந்த படத்தை வையுங்கள், ஆட்கள் வந்து மண்டபத்தைப் பழகிக்கொள்ளட்டும். கடினமானதும் மெதுவானதும் இரண்டாம், மூன்றாம் கிழமைக்கு. மங்கலான பிரதியுள்ள நம் நாட்டுப் படத்தை மூன்றாம் கிழமையில் போட்டால், அதற்குள் நம்பி வரும் ஒரு கூட்டம் சேர்ந்திருக்கும். கடைசிக் கிழமையில் ஒரு காட்சியை வெறுமையாக விட்டு, வந்தவர்கள் மீண்டும் கேட்கும் படத்தை இன்னொரு தடவை போடலாம். இரண்டாம் காட்சிக்கான அனுமதியை முதல் கடிதத்திலேயே வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் மறக்கக்கூடாதது. படத்துக்குப் பிறகு பேசுவதற்கு 20 நிமிடம் போதும். பேசுபவர் படத்துக்கு முன் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, கதையின் முடிவைச் சொல்லக்கூடாது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர்கள் அருகில் இருக்கும்போது, பேசவும் சப்டைட்டில் செய்யவும் ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

மாதம் முடிந்ததும் ஒரு கிழமைக்குள் உரிமையாளருக்கு டிக்கெட் கணக்கும் பணமும் போக வேண்டும், டிரைவ் திரும்ப வேண்டும், கணினியில் உள்ள கோப்பை ஒப்பந்தப்படி அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் ஒரு பதிவுப் புத்தகத்தில் படத்தின் பெயர், உரிமை யாரிடம் இருந்தது, கடிதத்துக்குப் பதில் வர எத்தனை நாள், பிரதியின் வடிவம், சட்டக வேகம், ஒலித் தடங்கள், எந்த நிமிடத்தில் என்ன குறை என்பவற்றை எழுதி வையுங்கள். குழு செய்த சப்டைட்டில் கோப்பு குழுவின் உழைப்பு. அதைப் பெயரும் ஆண்டும் சட்டக வேகமும் தெரியும்படி தனியே சேமித்து, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அதே படத்துக்கு அனுமதி வாங்கும் குழுவுக்குக் கொடுக்கலாம்.